நானூற்றைம்பது மில்லி

காலையில் எழுந்ததும் சிலர் சாமி கும்பிடுவார்கள். சிலர் விரலில் ஊசி குத்திச் சர்க்கரை பார்ப்பார்கள். டாக்டர் புவனேஸ்வரன் தன் கட்டுரையை உலகத்தில் எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பான். பல்கூடத் துலக்காமல், கைப்பேசியை மூக்குக்கு நேரே பிடித்தபடி சமையலறை வாசலில் வந்து நிற்பான்.

“நானூத்திப் பன்னெண்டு, அக்கா.”

“நேத்து நானூத்திப் பத்துதானே?”

“ரெண்டு ஏறியிருக்கு. ஒண்ணு பிரேசில், ஒண்ணு கென்யா.”

“அப்படியா? நாலு நம்பர் லாட்டரிக் கடையில சைபர் நாலு ஒண்ணு ரெண்டு எழுதிட்டு வரேன். விழுந்துச்சுன்னா பிரேசிலுக்கே போயி நன்றி சொல்லிட்டு வருவோம்லா.”

லோகேஸ்வரி அவனுக்குப் பதினாறு வயது மூத்தவள். அம்மாவும் அப்பாவும் ஒரே வருடத்தில் போய்ச் சேர்ந்த பிறகு, தாதிச் சம்பளத்தில் அவனைப் படிக்க வைத்தவள். முப்பத்தேழு வருடம் பிரசவ வார்டில் நின்று, தலைமைத் தாதியாக ஓய்வு பெற்று ஐந்து வருடமாகிறது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. “எத்தனையோ ஆயிரம் பிள்ளைங்கள இழுத்து வெளிய போட்டாச்சு, சொந்தமா ஒண்ணு போடத்தான் லீவு கெடைக்கல” என்பாள். கேட்பவர் சங்கடப்படுவதற்கு முன்னால் தானே சிரித்தும்விடுவாள். ஜெலுத்தோங்கில் ஒரு வரிசை வீட்டில் தம்பி, தம்பி மனைவி சுபாஷினி, அவர்களுடைய எட்டு வயது மகள், இவள் என்று நாலு பேர்.

கட்டுரை, புவனேஸ்வரன் அவள் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரியில் நிபுணராக இருந்தபோது செய்த ஆராய்ச்சி. பிள்ளை பிறந்ததும் கர்ப்பப்பை சுருங்கவேண்டும், இல்லையென்றால் இரத்தம் நிற்காது. அதற்காகத் தாய்க்கு ஓர் ஊசி போடுவார்கள். வழக்கமான அளவு பத்து யூனிட். சிக்கல் இல்லாத பெண்களுக்கு அதில் பாதி போதும், இரத்தப்போக்கு கூடுவதில்லை என்று ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு பெண்களை வைத்து அவன் காட்டியிருந்தான். குமட்டல் குறையும், மருந்துச் செலவும் பாதியாகும். யாருக்குத்தான் கசக்கும்? பல ஊர் ஆஸ்பத்திரிகள் ஐந்து யூனிட்டுக்கு மாறின. அந்தக் கட்டுரையைக் கையில் பிடித்துக்கொண்டுதான் அவன் தனியார் மருத்துவக் கல்லூரிக்கே போனான். கட்டுரையின் கடைசியில், எறும்பு எழுதினதுபோல் சின்ன எழுத்தில், தலைமைத் தாதி லோகேஸ்வரிக்கு நன்றி என்று ஒரு வரி இருந்தது. அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டணும் என்று அவள் சொன்னபோது, கிண்டல் என்று புரியாமல் சுபாஷினி கடைக்குப் போய்ச் சட்டம் என்ன விலை என்று கேட்டுக்கொண்டு வந்தாள்.

ஜனவரி வெயில் காய்ச்சி எடுத்த ஒரு சனிக்கிழமை. தைப்பூசத்துக்கு மூன்று வாரம் இருந்தது. வீட்டில் மீன் நிறுத்தியாகிவிட்டது. லோகேஸ்வரி கங்கோங் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தம்பி வந்து வாசலில் நின்றான். எண் சொல்லவில்லை.

“என்னாடா? இறங்கிருச்சா?”

“அக்கா, அந்த ஸ்டடியில ரத்தம் நனைஞ்ச துணியெல்லாம் எடை போட்டீங்கதானே?”

அவள் ஒரு தண்டை ஒடித்தாள். “ஏன் இப்போ?”

கட்டுரையை வெளியிட்ட பத்திரிகையிலிருந்து கடிதம் வந்திருந்தது. எங்கோ ஒரு புள்ளியியல்காரர், வேலை இல்லாதவரோ என்னவோ, அட்டவணையைத் தோண்டியிருக்கிறார். ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் பெண்களில் அறுநூற்றுப் பதினொரு பேருக்கு இரத்தப்போக்கு கச்சிதமாக நானூற்றைம்பது மில்லி. ஐநூறுக்கும் அறுநூறுக்கும் நடுவில் ஒன்பதே பேர். மனிதர்களுக்கு இப்படி இரத்தம் போகாது, விளக்கம் தேவை, அளந்தவர்களின் ஒப்புதல் தேவை என்று கடிதம் பணிவாகக் கேட்டிருந்தது.

“எடை போட்டோம்” என்றாள் லோகேஸ்வரி. “மொத ஆறு வாரம் போட்டோம்.”

“அப்புறம்?”

“அப்புறம் தராசு பக்கெட்டுல விழுந்து ஒடஞ்சிருச்சு.”

“என்கிட்ட சொல்லலையே!”

“நீ கோலாலம்பூர்ல மாநாட்டுல இருந்த. ஸ்டோர்ல கேட்டேன், புதுசு வேணும்னா போராங் பாரம் எழுதிக் குடுங்கன்னான். எழுதிக் குடுத்தேன். நான் ரிட்டயர் ஆகறப்பகூட அந்தப் போராங் எங்கயோ வரிசையில நின்னுக்கிட்டுதான் இருந்துச்சு.”

“அப்போ மிச்சப் பேருக்கு?”

“கண்ணால.”

“கண்ணால பாத்தா அறுநூறு பேருக்கு நானூத்தம்பதா வரும்?”

அவள் கீரையைக் கீழே வைத்தாள். இதை விளக்குவது, மூச்சு விடுவது எப்படி என்று விளக்குவதுபோல இருந்தது. அவள் பயிற்சிக்கு வந்த முதல் வாரத்திலேயே ஒரு மூத்த தாதி சொல்லிக் கொடுத்தது அது. அந்தத் தாதிக்கு யார் சொன்னார்களோ.

“முந்நூறுன்னா நல்ல பிரசவம். நானூத்தம்பதுன்னா கெட்ட பிரசவம். ஐநூறுன்னா அது கேசு. ஐநூறு எழுதிட்டா மூணு பிரதி போராங் நெரப்பணும், டாக்டருக்கு போன் அடிக்கணும், மறுநாள் காலையில மீட்டிங்குல நின்னு ஏன் என்னான்னு பதில் சொல்லணும். மூணு கட்டில்ல மூணு பேரு முக்கிக்கிட்டு இருப்பாங்க, நாங்க ரெண்டு பேரு. எவ போயி போராங் நெரப்புவா? எல்லாரும் நானூத்தம்பதுலயே நிப்பாட்டிக்குவாங்க. நானும்தான். நான்தான் எல்லாருக்கும் சொல்லியும் குடுத்தேன்.”

“என் ஸ்டடிக்குமா?”

“உன் ஸ்டடிக்குன்னு தனியா ரத்தம் வருமாடா?”

சுபாஷினி தேநீரோடு வந்தவள் பாதியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பேங்க்கில் அதிகாரி. எந்தச் சிக்கலையும் ஒரு தாளில் கையெழுத்தாகச் சுருக்கிவிடும் திறமை அவளுக்கு உண்டு.

“அண்ணி, யாரு வந்து பாக்கப் போறாங்க? அந்தப் போராங்கெல்லாம் இப்போ இருக்கா?”

“ரெண்டு வருசத்துக்கு முன்னாடி வெள்ளத்துல ரெக்கார்ட் ரூமே முங்கிப் போச்சே.”

“அப்புறம் என்னா சூசா, என்னா கஷ்டம்? எடை போட்டுத்தான் எடுத்தோம்னு ஒரு லெட்டர். நீங்க ஒரு சைன். முடிஞ்சிருச்சு. அடுத்த மாசம் இவருக்கு பேராசிரியர் இன்டர்வியூ. இந்தப் பேப்பர் போச்சுன்னா இன்டர்வியூ மட்டுமா போகும்? இவரு பேரே போயிரும்.”

புவனேஸ்வரன் மனைவியையும் பார்க்கவில்லை, அக்காவையும் பார்க்கவில்லை. கீரைக் கூடையைப் பார்த்துச் சொன்னான்: “அக்கா, நம்பர் கொஞ்சம் முன்ன பின்ன இருக்கலாம். ஆனா அந்த ஸ்டடியில யாரும் சாகல. அது நெசந்தானே?”

“சாகல” என்றாள் லோகேஸ்வரி.

மத்தியானம் அவன் கடிதத்தைத் தட்டி அச்செடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போனான். ஆங்கிலத்தில் ஆறு வரி. எல்லா அளவுகளும் எடை போட்டு எடுக்கப்பட்டவை என்று அவள் சாட்சி சொல்கிறாள். அடியில் ஒரு கோடு, அவள் பேர். அந்த வீட்டில் அவள் பேர் இவ்வளவு பெரிய எழுத்தில் வந்தது அதுதான் முதல் தடவை. மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

கையெழுத்துப் போட அவளுக்குப் பேனா இல்லாமல் இல்லை. யாரும் சாகவில்லை என்று தம்பி சொன்னதும் ஒருத்தியின் முகம் நினைவுக்கு வந்து, உட்கார்ந்த இடத்தை விட்டு நகரமாட்டேன் என்றது.

துளசிக்கு முப்பத்துநாலு வயது. பாசார் சந்தைக்கு வெளியே, மீன்காரர்களின் ஐஸ் தண்ணீர் ஓடிவருகிற ஓரத்தில் இடியப்பக் கடை போட்டிருந்தாள். விடியற்காலையில் எழுந்து அரிசி மாவை வெந்நீர் விட்டுப் பிசைந்து, சின்னச் சின்னத் தட்டில் பிழிந்து, அடுக்கி வேகவைத்து, ஆறு மணிக்கெல்லாம் குடையை விரித்துவிடுவாள். தோள்பட்டை ஆண்பிள்ளையுடையதுபோல் இறுகிப்போயிருந்தது. மகள் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு. எட்டு வருடத்துக்கு முன் அந்த மகளைப் பெற்றபோது துளசிக்கு இரத்தம் நிற்காமல் போய், உயிரைக் காப்பாற்றக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். அன்றைக்குப் பிரசவ அறையில் இருந்தவள் லோகேஸ்வரி. கண் விழித்ததும் துளசி முதலில் பார்த்த முகம் அவளுடையது. அதனாலேயே தன்னைக் காப்பாற்றியது சிஸ்டர்தான் என்று துளசி முடிவு கட்டிவிட்டாள். வருடா வருடம் தைப்பூசத்துக்கு லோகேஸ்வரியின் பேரைச் சொல்லித் தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுக்கிறாள். இடியப்பத்துக்குக் காசு வாங்குவதில்லை. ஓசி இடியப்பத்தை எட்டு வருடம் மென்று விழுங்கியவள் எப்படிப்பட்டவள் என்று லோகேஸ்வரியே தன்னைக் கேட்டுக்கொண்டதுண்டு. பதில் வருவதற்குள் வாயில் தேங்காய்ப்பூவும் பனைவெல்லமும் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் போனாள். கூட்டம் வடிகிற நேரம். பக்கத்துக் கடையில் மசாலாத் தூள் விற்கிற சீனி முகம்மதுதான் முதலில் பார்த்தார்.

“வாங்க சிஸ்டர்! இன்னும் ரிட்டயர் ஆகலையா? நடையப் பாத்தா வார்டுல ரவுண்டு வர்ற மாதிரியே இருக்கு. நாங்கள்லாம் எந்திரிச்சு நிக்கவா?”

“நீங்க படுத்துக்குங்க பாய். உங்க வயித்தப் பாத்தா இன்னும் ஒரு வாரத்துல ஆயிரும் போல இருக்கு.”

துளசி சிரித்துக்கொண்டே ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டாள். முகம் வாடியிருந்தது. விரதம், ஒருவேளைச் சாப்பாடு.

“என்னா சிஸ்டர், ஞாயித்துக்கெழம? புங்குஸ் பண்ணவா, இங்கயே சாப்பிடறீங்களா?”

“சும்மாதான் வந்தேன். ஒடம்பு எப்படி இருக்கு?”

“இருக்குலா. இந்த வருசம் காலு கொஞ்சம் வீங்குது. மலை ஏறிருவேன். சாமி ஏத்திருவாரு.”

லோகேஸ்வரி வாயைத் திறந்தாள். அதற்குள் ஒரு சீனப் பெண்மணி வந்து எட்டு வாங்கிப் போனாள். மறுபடி திறந்தாள், சீனி முகம்மது ஒரு டப்பாவோடு வந்துவிட்டார்.

“துளசிம்மா, சைவந்தான், பயப்படாதீங்க. என் சம்சாரம் செஞ்ச அன்னாசிப் பச்சடி. பட்டை கிராம்பு போட்டது. இடியப்பத்தோட தொட்டுப் பாருங்க.”

“மன்னிச்சுக்குங்க பாய். அன்னாசி நான் தொடறதில்ல.”

“விரதத்துக்கு அன்னாசியும் ஆகாதா? உங்க சாமி ரொம்ப ஸ்ட்ரிக்டுலா!”

அவர் டப்பாவை லோகேஸ்வரியின் கையில் வைத்துவிட்டுப் போனார். அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்: “ஏன், ஒத்துக்காதா?”

துளசி அச்சில் மாவை அடைத்தாள். “ஒத்துக்கும் சிஸ்டர். முன்னெல்லாம் ரொம்பப் பிரியம். இவ வயித்துல இருக்கறப்ப ஒம்பதாம் மாசம் ஆசைக்கு ஒரு தட்டு ரோஜாக் தின்னுட்டேன். போட்ட பழம் பூரா அன்னாசி. அந்தச் சூடுதான் கர்ப்பப்பையக் கிழிச்சிருச்சுன்னு மாமியா சொன்னாங்க. நிபோங் திபால் ஊரு முழுக்கச் சொன்னாங்க. அவங்க சொல்றதும் சரிதானே? பத்து மாசம் எல்லாரும் வாயக் கட்டுவாங்க, எனக்கு ஒரு தட்டு ரோஜாக்கு கேட்டுச்சு.”

“உன் புருசன், தயாளன்…?”

“அவரு நல்லவருதான். ரெண்டு வருசம் பாத்தாரு. ஒத்தப் பையன், வம்சம் வேணும்னு அவங்கம்மா அழுதாங்க. போயிட்டாரு. இப்போ ரெண்டு பையன்களாம், கேள்வி. அவரக் குத்தம் சொல்லக் கூடாதுலா சிஸ்டர். தின்னது நான்.”

இதைச் சொல்லும்போது அவள் குரலில் அழுகை இல்லை. விலை சொல்வதுபோல் சொன்னாள். பல தடவை சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன கணக்கு.

லோகேஸ்வரிக்குக் கால் இரண்டும் சில்லிட்டன. மீன் ஐஸ் தண்ணீர் செருப்பில் ஏறியிருந்தது, அதனாலும் இருக்கலாம்.

“துளசி, அன்னாசி இல்ல.”

“என்னா சிஸ்டர்?”

“அன்னாசிக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. ஊர்ல பாதிப் பேரு தின்னுட்டுத்தான் பெத்துக்கிறாங்க. உனக்கு ரத்தம் போயிக்கிட்டே இருந்துச்சு. நான் பாத்தேன். பாத்துட்டு டாக்டரக் கூப்பிடல.”

துளசியின் கை அச்சின் மேல் நின்றது.

லோகேஸ்வரி சொன்னாள். சொல்லும்போது தன் குரல் வார்டில் வேலை மாறும்போது நோயாளியை ஒப்படைக்கிற குரலாக இருப்பதை அவளே கேட்டாள். வேறு குரல் அவளிடம் இல்லை. மூன்று பத்துக்குப் பிள்ளை பிறந்தது. தம்பியின் ஆராய்ச்சியில் துளசி பாதி அளவு ஊசி போட்ட ஐந்து யூனிட் குழு. மூன்று இருபத்தைந்துக்கு விரிப்பு நனைந்திருந்தது. வயிற்றைப் பிசைந்தாள். கொஞ்சம் நின்றதுபோல் இருந்தது. எதிர்க் கட்டிலில் இன்னொரு பெண்ணுக்குத் தலை தெரிந்தது. தாளில் நானூற்றைம்பது என்று எழுதிவிட்டு அங்கே போனாள்.

“ஏன் நானூத்தம்பது?”

“ஐநூறு எழுதினா டாக்டரக் கூப்பிடணும். போராங் எழுதணும்.”

“அப்புறம் எப்போ வந்தீங்க?”

“நாலு மணிக்கு. நீ பேசல. ஒதடு வெளுத்துப் போயிருந்துச்சு. அப்பதான் போன் அடிச்சேன். டாக்டருங்க வந்து ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கிட்டு ஓடினாங்க. அதுக்கப்புறம் போன ரத்தமெல்லாம் தியேட்டர் கணக்கு. எங்க தாள்ல உனக்கு நானூத்தம்பதுதான். அந்த நம்பர்தான் உலகம் பூரா போயிருக்கு.”

ஒரு வாடிக்கையாளர் வந்து ஆறு கேட்டார். துளசி ஆறு எடுத்து, தேங்காய்ப்பூ வைத்து, பனைவெல்லம் தூவி, மடித்துக் கொடுத்து, மிச்சமும் எண்ணிக் கொடுத்தாள். அவர் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

“மூணு இருவத்தஞ்சுல இருந்து நாலு” என்றாள். “முப்பத்தஞ்சு நிமிஷம்.”

“ஆமா.”

“அப்பவே கூப்பிட்டிருந்தா கர்ப்பப்பை இருந்திருக்குமா?”

“இருந்திருக்கலாம். நிச்சயமாச் சொல்ல முடியாது. ஆனா இருந்திருக்கும்னுதான் நான் நெனைக்கிறேன்.”

“எட்டு வருசம் என் கடைக்கு வந்தீங்களே, சிஸ்டர்.”

லோகேஸ்வரியிடம் எப்போதும் ஒரு ஜோக் இருக்கும். பிணவறை வாசலில்கூட அவளிடம் ஒன்று இருந்திருக்கிறது. தேடினாள். இல்லை.

“அந்த நம்பர வெச்சு வேற எடத்துலயும் ஊசியக் கொறச்சாங்களா?”

“கொறச்சாங்க.”

“எத்தன பேருக்கு?”

“தெரியாது. எண்ண முடியாது. பெரிய பேப்பர் அது.”

“இப்போ ஏன் வந்து சொல்றீங்க?”

லோகேஸ்வரி கைப்பையிலிருந்து தம்பியின் தாளை எடுத்துக் காட்டி, அதில் என்ன எழுதியிருக்கிறது, யார் கேட்கிறார்கள் என்று சொன்னாள். துளசி ஈரக்கையை முந்தானையில் துடைத்து அதை வாங்கினாள். ஆங்கிலம் அவளுக்கு அவ்வளவு ஓடாது. கையெழுத்துக் கோட்டை மட்டும் விரலால் தடவிப் பார்த்தாள். தாளைத் திருப்பினாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

“இதுல எழுதுங்க” என்றாள்.

“என்னாத்த?”

“இப்போ எங்கிட்டச் சொன்னீங்களே, அத. என் பேரு வேணாம். மிச்சம் எல்லாம். மூணு இருவத்தஞ்சு, நாலு, எல்லாம். எனக்கு நெசமாவே எவ்வளவு போச்சு?”

“அளக்கல.”

“கண்ணால பாத்தீங்கதானே?”

லோகேஸ்வரி கண்ணை மூடினாள். முப்பத்தேழு வருடம் எடை போடாமல் எழுதிய எண்களில் ஒன்றாவது உண்மையாகப் பார்த்து எழுதியதா என்று தெரியவில்லை. இப்போது பார்த்தாள். முழுக்க நனைந்த இரண்டு விரிப்பு. கட்டிலுக்கு அடியில் ஒரு குட்டை. சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு கதவுவரை போன தடம்.

“தியேட்டருக்குப் போறதுக்கு முன்னாடியே ரெண்டு லிட்டர் இருக்கும். கூடவும் இருக்கலாம்.”

“எழுதுங்க.”

முக்காலியில் உட்கார்ந்து, பச்சடி டப்பாவின் மூடிமேல் தாளை வைத்து எழுதினாள். தமிழிலேயே எழுதினாள். துளசி ஒவ்வொரு வரியையும் உதடு அசைத்துப் படித்தாள்; ஒரு இடத்தில் நிறுத்தி, “டாக்டர் வர லேட்டாச்சுன்னு இருக்கு. நீங்க கூப்பிடலன்னு எழுதுங்க” என்றாள். லோகேஸ்வரி அடித்துவிட்டுத் திருத்தினாள்.

எழுந்து நின்றபோது கேட்கக்கூடாது என்று தெரிந்தே கேட்டாள்: “பால்குடம்…?”

“எடுப்பேன். சாமிக்கு நேந்துக்கிட்டது. உங்க பேரச் சொல்லமாட்டேன்.” வழக்கமான பொட்டலத்தைக் கட்டி நீட்டினாள். “அஞ்சு வெள்ளி, சிஸ்டர்.”

லோகேஸ்வரி கொடுத்தாள். துளசி வாங்கிப் போட்டுக்கொண்டாள். லோகேஸ்வரி கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தபோது, துளசி கடைக்குப் பின்னால் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். இரண்டு வாடிக்கையாளர்கள் காத்து நின்றார்கள். சீனி முகம்மது, எதுவும் கேட்காமல், தன் கடையை விட்டு வந்து அவர்களுக்கு இடியப்பம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் புவனேஸ்வரன் தாளை இரண்டு தடவை படித்தான். முதல் தடவை தம்பியாகப் படித்தான், முகம் சிவந்தது. இரண்டாம் தடவை டாக்டராகப் படித்தான்போல, சிவப்பு வடிந்துவிட்டது.

“இந்தக் கேசு எனக்குத் தெரியவே தெரியாதே. அந்த வாரம் நான் இல்ல.”

“இல்ல. வந்ததும் ஸ்டடித் தாள மட்டும் பாத்த. நானூத்தம்பதுன்னு இருந்துச்சு. ரொம்ப சந்தோசப்பட்ட.”

“ஏன்க்கா என்கிட்ட சொல்லல?”

“நீ கேக்கல. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். அந்த வருசந்தான்டா நீ வீட்டுக்குள்ள பாட்டுப் பாடிக்கிட்டு வந்த.”

அவன் மேசையில் இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்தான். “இத அனுப்பினா பேப்பர எடுத்துருவாங்க. காலேஜுல விசாரணை வெப்பாங்க. நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்க, உங்கள ஒண்ணும் பண்ணமாட்டாங்க. எனக்குத்தான்.”

“உனக்குத்தான். தெரியும். உன்ன வளத்தவதான் உன்னக் கவுக்கவும் வந்திருக்கா. வையி, கேட்டுக்கறேன்.”

அவன் வையவில்லை. மடிக்கணினியைத் திறந்தான், மூடினான், திறந்தான். பிறகு தமிழில் இருந்ததை ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் தட்ட ஆரம்பித்தான், நிறுத்தி, “இப்படியே அனுப்பிருவேன்னு நெனைக்காதீங்க. தட்டிப் பாக்கறேன், அவ்வளவுதான்” என்றான். சுபாஷினி சுவரில் சாய்ந்தபடி நின்றிருந்தாள். மகள் மாடியில் யாரோ தோழியோடு போனில் கத்திக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு சுபாஷினி கேட்டாள்:

“அண்ணி, எனக்கும் அந்த வருசம் அதே வார்டுலதானே பிரசவம். அதே ஸ்டடி. என் தாள்ல என்னா எழுதினீங்க?”

“முந்நூத்தி முப்பத்தேழு.”

“அதுவும் சும்மா எழுதினதா?”

“இல்ல. உனக்கு நெசமாவே அதுதான். எடை போட்டேன்.”

“தராசுதான் ஒடஞ்சு போயிருச்சே?”

லோகேஸ்வரி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். இது துளசியிடம்கூடச் சொல்லாதது. துளசிக்குக் கேட்கத் தெரியவில்லை, இவளுக்குத் தெரிந்துவிட்டது.

“நம்ம வீட்டுல மாவு எடை போடற தராச பையில வெச்சுக் கொண்டாந்தேன். உனக்குன்னு. ஒவ்வொரு துணியா எடை போட்டுப் பாத்தேன். ரெண்டு மணி நேரம் உன் பக்கத்துலயே நின்னேன்.”

“இந்தக் கேசுல உள்ள பொண்ணுக்கு எப்போ பிரசவம்?”

“உனக்கு ஆகி ஒம்பது நாள் கழிச்சு.”

“அப்போ அந்தத் தராசு?”

“வீட்டுக்கு எடுத்துட்டு வந்துட்டேன்.”

“ஏன் அண்ணி? அங்கயே வெச்சிருக்கலாமே?”

“வெச்சிருக்கலாம்.” லோகேஸ்வரி அவள் முகத்தைப் பார்த்தே சொன்னாள். “உனக்குப் பத்திய முறுக்கு சுடணும்னு எடுத்துட்டு வந்தேன்.”

மாடியில் பிள்ளை எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தாள். சுபாஷினி சுவரை விட்டு நகர்ந்து வந்து கணவனின் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அதையும் எழுதுங்க” என்றாள் அவனிடம். “எழுதிட்டு அனுப்புங்க.”